மடங்கு அக்காவின் ஒரே கடன்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எங்கள் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி வாசல் காவலாளி முதல் ஆறாம் மாடி மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் மடங்கு அக்கா. "இவ்வளவு கடன் இருக்கே, வருஷ சம்பாத்தியத்துல இது எத்தனை மடங்கு?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் பிழைப்பு நடத்தியவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

எங்கள் தொழில் தரம் போடுவது. கம்பெனிகள் பொதுமக்களிடம் பத்திரம் விற்றுக் கடன் வாங்குகின்றன. வாங்கினதைத் திருப்பித் தரும் யோக்கியதை அந்தக் கம்பெனிக்கு உண்டா இல்லையா என்று பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று நாங்கள் முத்திரை குத்துகிறோம். அக்கா கணக்குப் போட்டு அறிக்கை எழுதுவாள். அவள் எழுதியதை மனிதர்கள் படிக்கும்படி திருத்திக் கொடுப்பது என் வேலை. எண்ணெய்க்கும் எனக்கும் உள்ள உறவு என் ஸ்கூட்டரோடு முடிந்துவிடுகிறது. அக்காவோ எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள்.

"ஏன்க்கா, சோப்புக் கம்பெனி, பிஸ்கட் கம்பெனின்னு சாதுவா ஏதாவது பாக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சோப்பு விக்கிறவன் சம்பாத்தியம் வருஷா வருஷம் ஒரே மாதிரி இருக்கும். அதுல என்னடி சுவாரஸ்யம்? எண்ணெய் விலை ஏறினா இவனுங்க ராஜா. இறங்கினா பரதேசி. கடன் மட்டும் ரெண்டு வருஷமும் அசையாம உக்காந்திருக்கும். ராஜாவா இருக்கும்போது போட்டோ எடுத்துக் காட்டிக் கடன் வாங்குவான். அவன் பரதேசியா இருக்கும்போது எப்படி இருப்பான்னு நான் பாக்கணும்."

இதை விடச் சுருக்கமாக அவள் தொழிலை என்னால் சொல்ல முடியாது. இத்தனைக்கும் இருபத்திரண்டு வருடமாக அவள் வாக்கியங்களைச் சுருக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தக் கேள்வியை அலுவலகத்தோடு நிறுத்தியிருந்தால் அவளுக்கு உறவுக்காரர்கள் மிஞ்சியிருப்பார்கள். சித்தப்பா புதுக் கார் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, "உங்க மொத்தக் கடன் வருமானத்துல ஏழு மடங்கு சித்தப்பா. இது எண்ணெய்க் கம்பெனியா இருந்தா நான் குப்பைத் தரம் போட்டிருப்பேன்" என்றாள். சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் வீடு வாங்கியபோது, அண்ணனை விட்டுவிட்டு அண்ணியிடம் இதே பாட்டு. அதிலிருந்து அண்ணி அவளுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதுகூட டம்ளரை டக்கென்று வைப்பாள்.

அவளுக்கென்று ஒரு பைசா கடன் கிடையாது. தனிக்கட்டை. இரண்டு அறை வீடு, ஒரு மேசை, நாலு நாற்காலி, அதில் மூன்றில் அறிக்கைக் கட்டுகள். மின்சாரக் கட்டணம் வந்த அன்றே கட்டிவிடுவாள். கடைசித் தேதி வரை காத்திருந்தால் அதுவும் ஒரு கடனாம். இந்தச் சுத்தத்தில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லை, நிறையவே உண்டு. எத்தனையோ நாள் எனக்கே அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கத் தோன்றியிருக்கிறது.

இந்த உலகத்தில் அவள் மடங்கு கேட்காத ஒரே ஆள் அவள் அண்ணன். முப்பத்து நாலு வருடம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் ஓட்டுநர். அப்பா போன பிறகு இவளைப் படிக்க வைத்ததும் அந்த ஸ்டீயரிங்தான். கம்பெனியில் ஓய்வூதியம் கிடையாது. ஓய்வு பெற்ற நாளில் பதினெட்டு லட்சத்தை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு மனுஷன் சும்மா இருக்க முடியாமல் தவித்தார். முப்பத்து நாலு வருடமாக ஒன்றாம் தேதி காலையில் வங்கிக்குப் போய் பாஸ் புத்தகத்தில் சம்பளம் ஏறியிருப்பதைப் பார்த்துப் பழகியவர். இப்போதும் ஒன்றாம் தேதி போகிறார். புத்தகத்தை மெஷினில் நுழைக்கிறார். வெற்றாக வருகிறது.

"மாசம் பிறந்தா ஏதாவது ஒரு தொகை விழணும்மா. விழலைன்னா நான் உயிரோட இருக்கேனான்னே சந்தேகமா இருக்கு" என்று தங்கையிடம் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த எண்ணெய்க் கம்பெனியின் பத்திரம் வந்தது. செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம். ஐந்து வருடம், பத்தேகால் சதவீதம் வட்டி, மாதாமாதம் ஒன்றாம் தேதி. அண்ணனின் காதில் தேன் பாய்ந்தது போல இருந்திருக்கும். தேனைக் கொண்டுவந்து ஊற்றியவன் அண்ணியின் தம்பி. பத்திரம், காப்பீடு, சீட்டு என்று கண்டதையும் விற்பவன். எந்நேரமும் கக்கத்தில் விண்ணப்பங்களோடு அலைவதால் அவன் பெயர் ஃபாரம்.

அந்தக் கம்பெனிக்கு நாங்கள்தான் முன்பு முதல் தரம் போட்டிருந்தோம். வருடாந்திர மறுபரிசீலனை அக்காவிடம் வந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்து நிறுத்திய விதியை நான் என்ன சொல்லித் திட்டுவது?

கம்பெனியின் நிதித் தலைவர் பளபளவென்று ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: கடன் மூவாயிரத்து எண்ணூறு கோடி, ஆண்டு சம்பாத்தியம் இரண்டாயிரம் கோடி, அதாவது 1.9 மடங்கு. இங்கே சம்பாத்தியம் என்பது வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்தையது. கழிப்பதற்கு முன்னால் நானும் பணக்காரிதான், அதை விடுங்கள். மூன்று மடங்குக்குள் இருந்தால் முதல் தரம். நாலைத் தாண்டினால் கதை கந்தல். ஏனென்றால் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கிகள், நாலைத் தாண்டினால் மொத்தத்தையும் உடனே திருப்பிக் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தன.

அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த ரெண்டாயிரம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? குளிர்கால மூணு மாசத்துச் சம்பாத்தியம் ஐநூறு கோடி. அதை நாலால பெருக்கியிருக்கான்."

"வருஷத்துல நாலு மூணு மாசம் இருக்கில்லக்கா?"

"இருக்கு. ஆனா நாலும் குளிர்காலமா? குளிர் நாட்டுக்காரன் எல்லாம் ஹீட்டர் போடும்போதுதான் எரிவாயு விலை எகிறும். வெயில் காலத்துல எவன் வாங்குவான்?"

மழைக்காலத்தில் குடை விற்றதை வைத்து வருடம் முழுக்க மழை என்று எழுதிய கதைதான். உண்மையான நாலு காலாண்டையும் கூட்டினாள். ஆயிரத்து நானூறு வந்தது. 2.7 மடங்கு. அப்புறம் அவளுடைய பழைய வித்தையை எடுத்தாள். இன்றைய எண்ணெய் விலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பத்து வருடச் சராசரி விலையைப் போட்டாள். சம்பாத்தியம் ஆயிரத்து நூற்றைம்பதுக்கு இறங்கியது. 3.3 மடங்கு.

மேலாளர் தலையைச் சொறிந்தார். அந்தக் கம்பெனி எங்களுக்குக் கட்டணம் கட்டுகிற பெரிய வாடிக்கையாளர். "மூணுக்குக் கொஞ்சம்தானே மேல போயிருக்கு? சராசரி விலைன்றது உங்க சொந்த அபிப்பிராயம். முதல் தரத்துலயே வச்சு, கவனிக்கப்படுகிறதுன்னு ஒரு வரி சேத்துடலாமே?" என்று மென்று முழுங்கினார்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் அக்கா.

இதுதான் அவள் வேலை செய்யும் முறை. எல்லோரும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு இடத்தைப் பார்ப்பார்கள். இவள் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புத்தகத்துக்கு வருவாள். குறிப்பெடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே மூன்று மணி நேரப் பயணம். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் நாலு அளவு பெரிய பூட்ஸ். எனக்கு நடையே நாட்டியமாகிவிட்டது.

நிதித் தலைவர் எங்களைக் குளிர்சாதன அறையில் உட்கார வைத்துப் படம் காட்டத் துடித்தார். அக்கா முதலில் கேன்டீனுக்குப் போனாள். சமையல் ஒப்பந்தக்காரருக்குப் பணம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். மூன்று மாதமாக இழுத்தடிக்கிறார்கள் என்று அவர் சொன்னதும், அக்காவின் முகத்தில் ஒரு மலர்ச்சி. அவள் சந்தோஷப்படுகிற இடங்களே தனி.

அதன் பிறகு எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனோம். ஆறு தொட்டிகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். "ஆறும் நிரம்பியிருக்கு மேடம்" என்று நிதித் தலைவர் மார்தட்டினார். அக்கா உயரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, தொட்டியிலிருந்து எண்ணெய் வெளியேறும் வால்வுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒன்று, இரண்டு, ஆறு ஆகியவற்றின் வால்வில் ஒரு பூட்டு. மூன்று, நாலு, ஐந்தில் இரண்டிரண்டு பூட்டு. இரண்டாவது பூட்டில் நீல நிற முத்திரை.

அந்த நேரம் பார்த்து நிதித் தலைவருக்கு ஒரு போன் வந்தது. தொட்டிகளுக்கு அருகில் போன் பேசக் கூடாது என்பதால் அவர் வேலிக்கு வெளியே ஓடினார். அக்கா, அங்கே துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்த வால்வுக்காரரிடம் போனாள்.

"ஏன்ணே, இதுக்கு மட்டும் ரெண்டு பூட்டு? திருட்டுப் பயமா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஒண்ணு நம்ம பூட்டு. நீலம் போட்டது வாங்கினவங்க பூட்டு. அவங்க ஆள் வந்து நின்னாதான் திறக்க முடியும்."

"வாங்கினவங்களா? எண்ணெய் இன்னும் தொட்டியிலதானே இருக்கு?"

"இருந்தா என்ன? காசு போன வருஷமே குடுத்துட்டாங்களே. இது மட்டுமில்ல, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வர்ற எண்ணெயில பாதி அவங்களுக்குத்தான். நாங்க எடுத்து ஊத்துறதோட சரி."

அவருக்கு அது ரகசியம் என்றே தெரியாது. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, என் காதில் கிசுகிசுத்தாள். "எழுதிக்கோ. எண்ணெய வித்துக் காசு வாங்கினா அது வியாபாரம். காசை வாங்கிட்டு ரெண்டு வருஷத்துக்கு எண்ணெயா குடுத்துக் கழிச்சா அதுக்குப் பேர் என்ன?"

"கடன்" என்றேன். எனக்கே புரிந்துவிட்டது.

திரும்பி வந்து புத்தகத்தைப் புரட்டினாள். நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில், பொடி எழுத்தில், 'வாடிக்கையாளர் முன்பணம்' என்ற பெயரில் ஆயிரத்து இருநூற்று அறுபது கோடி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது. முக்காட்டை எடுத்துக் கடனோடு சேர்த்தாள். ஐயாயிரத்து அறுபது. ஆயிரத்து நூற்றைம்பதால் வகுத்தாள். 4.4 மடங்கு.  மேலாளரும் கணக்கு தெரிந்த மனுஷன், பூட்டுக் கதையைக் கேட்டதும் தரக்குழுவைக் கூட்டச் சம்மதித்தார்.

புதன்கிழமை தரக்குழு கூடி, தரத்தை மூன்று படி இறக்கியது. எங்கள் விதிப்படி, முடிவைக் கம்பெனிக்குச் சொல்லி, மறுப்பு ஏதாவது இருந்தால் எழுத இரண்டு வேலை நாள் தர வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் வெளியிட முடியும். பத்திர விற்பனை முடிவதோ வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. ஊரில் எத்தனை பேருடைய அண்ணன்கள் அந்த மூன்று மணிக்கு வரிசையில் நிற்பார்களோ என்று அக்கா மேலாளரின் அறையில் குரல் உயர்த்திச் சண்டை போட்டாள். அறிக்கையை உடனே வெளியிடச் சொன்னாள். விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் தோற்றுப்போய் வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்தபோதுதான் அவளுடைய போன் அடித்தது. அண்ணன்.

"வெள்ளிக்கிழமை காலைல செக் குடுக்கப் போறேன்மா. பதினெட்டும் அதுலதான். நீதான் எண்ணெய்க் கம்பெனி பாக்கிறவளாச்சே. நல்லதுதானே?"

"அண்ணே, எந்த எண்ணெய்க் கம்பெனியப் பத்தியும் என்கிட்ட கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"சரிம்மா, சரிம்மா. சும்மா கேட்டேன்."

அவள் எல்லாக் கம்பெனிக்கும் இதே பதிலைத்தான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறாள். அதனால் அண்ணன் அதில் எந்த அர்த்தத்தையும் தேட வழியில்லை. எங்கள் விதிப் புத்தகம் எண்பத்து நாலு பக்கம். வெளிவராத முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, எழுதிக் காட்டக் கூடாது, அதை வைத்து வாங்கவோ விற்கவோ கூடாது. மீறினால் வேலை போகும், வழக்கு வரும். அதைவிட அக்காவுக்கு, அந்த விதி சரியான விதி என்ற நம்பிக்கையும் உண்டு. அண்ணன் பணம் போனாலும் சொல்லக் கூடாது, சொல்லாவிட்டால் அண்ணன் பணம் போய்விடும். அன்று இரவு அவள் தூங்கவில்லை என்பது மறுநாள் அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. எண்பத்து நாலு பக்கத்தையும் இரண்டு முறை படித்திருக்கிறாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், "வண்டிய எடு" என்றாள்.

"எங்கக்கா?"

"அண்ணன் வீட்டுக்கு. நீ வாயைத் திறக்கக் கூடாது."

நாங்கள் போனபோது அண்ணன் கூடத்தில் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஃபாரம். மேசையில் விண்ணப்பம், கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. காலை வரை காத்திருக்க ஃபாரத்துக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது. அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். டக்.

அக்கா உட்காரவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நேர்காணலுக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

"அண்ணே, எனக்குக் கடன் வேணும்."

 அண்ணி வாயைப் பிளந்தபடி நின்றாள். நானும்தான். வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் சொன்னது எனக்கு மறந்தே போயிற்று.

"யாருக்கு?" என்றார் அண்ணன்.

"எனக்குத்தான்."

"எவ்வளவு?"

"உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"

"பதினெட்டு."

"பதினெட்டும் வேணும்."

ஃபாரத்துக்குத் தேநீர் புரையேறியது. அண்ணி அவன் தலையில் தட்டினாள், தேவைக்கு அதிகமாகவே.

"அக்காவுக்கு அவசரம்னா நான் வேற எடத்துல பெர்சனல் லோன் ஏற்பாடு பண்ணித் தர்றேன். இத எதுக்குக் கலைக்கணும்? பத்தேகால் வட்டி, மாசா மாசம் ஒண்ணாம் தேதி..." என்று இருமலுக்கு நடுவே கதறினான்.

"நானும் பத்தேகால் தர்றேன். நானும் ஒண்ணாம் தேதி தர்றேன். அஞ்சு வருஷம்" என்றாள் அக்கா.

"எதுக்குன்னு கேக்கலாமா?" அண்ணியின் குரலில் சர்க்கரை கொட்டியது. எத்தனை வருடம் காத்திருந்த கேள்வி!

"காரணம் சொல்ல முடியாது அண்ணி."

"ஓஹோ. அது சரி. இப்ப உங்களுக்கு எத்தனை மடங்குங்க வருது?"

அக்காவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவளுடைய ஆண்டுச் சம்பளம் பன்னிரண்டு லட்சம். "ஒண்ணரை" என்றாள், தரையைப் பார்த்து. எத்தனையோ கம்பெனித் தலைவர்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டியவள், அண்ணியின் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அண்ணன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வருடம் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்கள். ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை ஃபாரத்தின் பக்கம் நகர்த்திவிட்டு, செக் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாக, வளைவில் பஸ்ஸைத் திருப்புகிற நிதானத்தோடு எழுதினார்.

"வட்டியெல்லாம் வேணாம். நீ நல்லாயிருக்கியா, அத மட்டும் சொல்லு."

"நல்லாயிருக்கேன்ணே. வட்டி இல்லாம வாங்கமாட்டேன்."

செக்கைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வீடு வரை பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். 

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அறிக்கை வெளியானது. திங்கட்கிழமை சந்தையில் அந்த நூறு ரூபாய்ப் பத்திரத்தின் விலை எழுபத்தெட்டுக்கு விழுந்தது. அண்ணன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவருக்குக் கவலை தங்கையைப் பற்றி. அந்த வாரமே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் அக்காவும் முதலில் நினைத்திருந்தாள். ஐந்து வருடம் என்றதெல்லாம் ஃபாரத்தின் வாயை அடைக்கச் சொன்னது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் கண்ணாடிக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். விதிகளை யாரும் மீறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஊழியர் யாராவது ஒரு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கினால் ஏழு நாளுக்குள் அவரிடம் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கா எழுதிக் கொடுத்தாள்.

"காரணம், குடும்பத் தேவைன்னு போட்டிருக்கீங்க. என்ன தேவை?"

"அண்ணனுக்கு மாச வருமானம் தேவை."

"கடன் வாங்கினது நீங்க. தேவை அவருக்கா?"

"ஆமா."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கடன் வாங்கிய தேதியைப் பார்த்தார். அறிக்கை வெளியான தேதியைப் பார்த்தார். எண்பத்து நாலு பக்கத்தையும் புரட்டினார். சொல்லக் கூடாது என்று இருந்தது, அவள் சொல்லவில்லை. வாங்கக் கூடாது, விற்கக் கூடாது என்று இருந்தது, இரண்டும் இல்லை. அண்ணனிடம் கைமாற்று வாங்கக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

"எப்ப திருப்பித் தருவீங்க? ரெண்டு நாள்ல, நாலு நாள்ல திருப்பிக் குடுத்தா இது கடனே இல்லை, வேற ஏதோன்னு நான் விசாரணை எழுத வேண்டியிருக்கும்" என்றார், மிகவும் மெதுவாக.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சு வருஷம். பத்தேகால் வட்டி. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி."

"அப்ப இது கடன்தான்" என்று முத்திரை குத்திவிட்டார்.

இது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மற்ற அண்ணன்களிடம் யார் கடன் கேட்டுப் போனார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த வருடம் விதிப் புத்தகம் எண்பத்தைந்து பக்கம் ஆயிற்று. அந்தப் புதுப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படித்தான் கடன் என்றால் காத தூரம் ஓடும் மடங்கு அக்கா கடன்காரி ஆனாள். பதினெட்டு லட்சத்தையும் வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டாள். மாதம் ஒன்பதாயிரத்து எழுநூற்றைம்பது வரும். அண்ணனுக்குக் கொடுக்க வேண்டியது பதினையாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து. மீதி ஐயாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் அவள் சம்பளத்திலிருந்து போனது. "கையில தொடாத காசுக்கு வட்டி கட்டுற ஒரே பைத்தியம் நான்தான்" என்பாள். அலுவலகத்துக்கு ஆட்டோவில் வந்தவள் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள்.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று இருந்தது. அண்ணி அந்தச் செய்தியைத் தெருவாரியாகப் பிரித்துப் பரப்பினாள். உறவில் ஒருவர் விடாமல் அக்காவுக்குப் புத்தி சொன்னார்கள். அகலக்கால் வைக்காதே, வரவறிந்து செலவு செய் என்று. ஏழு மடங்குச் சித்தப்பா புதுக் காரிலேயே வந்து இறங்கி, சிக்கனம் பற்றிய கட்டுரை ஒன்றை நகலெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் முக்கியமான வரிகளை அவரே சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். அக்கா அத்தனையையும் வாயைக் கட்டிக்கொண்டு கேட்டாள். காரணம் சொன்னால், சொல்லக் கூடாததைச் சொன்னதாகிவிடும். யார் வீட்டிலும் அவள் இப்போது மடங்கு கேட்பதில்லை. அவளைப் பார்த்து மற்றவர்கள் கேட்கிறார்கள்.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு அவள் போன் அடிக்கும். எடுத்து, "ம்" என்பாள். வங்கி வாசலில் நின்றுகொண்டு அண்ணன், "ஏறிடுச்சும்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அன்று முழுக்க என்னிடம் அவள் எரிந்து விழமாட்டாள். அவளுடைய அறிக்கையில் நான் கடினமாகத் திருத்த வேண்டியதையெல்லாம் ஒன்றாம் தேதிக்கென்று ஒதுக்கி வைப்பேன்.

பதினாலு மாதம் கழித்து அந்தக் கம்பெனி பத்திரங்களுக்கு வட்டி கட்ட முடியாமல் கையை விரித்தது. வங்கிகள் மொத்தக் கடனையும் திருப்பிக் கேட்டிருந்தன. செய்தித்தாளில் முதல் பக்கத்திலேயே வந்தது. ஃபாரம் தன் சொந்தப் பணம் இரண்டு லட்சத்தையும் அதில் போட்டிருந்தானாம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரிகிறான் என்று கேள்விப்பட்டோம்.

அன்று தேதி பதினேழு. ஆனாலும் காலை பத்தரைக்கு அண்ணனின் போன் வந்தது. மதிய உணவுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல் நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"பேப்பர் பாத்தியாம்மா?"

"பாத்தேன்ணே."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"நல்லவேளை, அன்னிக்குன்னு பாத்து உனக்குப் பணமுடை வந்துச்சு."

"ஆமாண்ணே."

"ஒரு வருஷமா உங்க அண்ணி, சித்தப்பா எல்லாம் உன்னப் பேசின பேச்சு இருக்கே. இனிமே எவனாவது பேசட்டும், நான் பாத்துக்கிறேன்."

அக்கா மேசையில் கிடந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். விதி இன்னும் விதிதான். இப்போதும் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. அண்ணனும் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்புறம்ணே, எனக்கு இப்ப கை கொஞ்சம் தாராளமா இருக்கு. வேணும்னா முழுக் கடனையும் இந்த வாரமே அடைச்சிடறேன்" என்றாள்.

"அடைச்சிட்டா?"

"நீ நிம்மதியா பேங்க்ல போட்டுக்கலாம்ல?"

"பேங்க் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல" என்றார் அண்ணன். "உன்னோடது ஒண்ணரை மடங்குதானே? அது பாட்டுக்கு இருக்கட்டும். அவசரம் இல்ல, மெதுவா அடை. ஒண்ணாம் தேதி மட்டும் தவறிடாத."